யார் கூட்டில் யார்

ஏரி நடுவே நின்ற கருவேல மரத்தில் நெட்டைக்காலியும் சிப்பியும் ஒரே கூட்டில் குடித்தனம் நடத்தினார்கள். இருவரும் பெண் நாரைகள். இது ஆகாது என்று நாரைக் கூட்டம் ஆளுக்கொரு இறகு போட்டு ஓட்டெடுத்தது. கூட்டைக் கலைக்கச் சொல்லி முப்பத்தெட்டு இறகு விழுந்தது, வேண்டாமென்று இரண்டு. அந்த இரண்டும் அவர்களுடையவை. பொழுது சாய்வதற்குள் கூட்டைப் பிரித்தாக வேண்டும்.

சிப்பியைக் காவலுக்கு வைத்துவிட்டு, வழக்குத் தீர்க்கும் ஆமையிடம் பறந்தாள் நெட்டைக்காலி. பின்னாலேயே தலைவர் நாரையும் ஊரைத் திரட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

“ஊரே சேர்ந்து முடிவு பண்ணியாச்சு. ஒத்தை ஆளா நீங்க அதைத் தள்ளிவெச்சா, அப்புறம் ஓட்டுக்கு என்ன மரியாதை?” என்று ஆமையைக் கேட்டார் தலைவர்.

ஆமை கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு யோசித்தது. அவர் கேட்டது நியாயம்தானே என்று நெட்டைக்காலிக்கே பட்டது.

“சரிங்க தலைவரே, ஓட்டுக்கு மரியாதை கொடுப்போம்,” என்றது ஆமை. “கையோட இன்னொண்ணும் போட்டுடலாம். இனிமே நீங்க யாரோட, எந்தக் கூட்டுல இருக்கணும்? ஊர் சொல்லட்டும்.”

முதல் ஆளாக இறகைப் பிடுங்கி நீட்டியவள் தலைவரின் மனைவிதான். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

“அடியே! நம்ம கூட்டுக்குள்ள இவங்களுக்கு என்ன வேலை?” என்று கத்தினார் தலைவர்.

சிரிப்பு சட்டென்று நின்றது. ஆமை அவரையே பார்த்தது. தலைவர் மெல்ல அலகை மூடிக்கொண்டார்.

“மழை இறங்குதும்மா,” என்றது ஆமை நெட்டைக்காலியிடம். “சிப்பி தனியா இருப்பா. கூட்டுக்குப் போ.”