மாஸ்க் போடாமல் வந்தவர்

அன்று காலை கணவர் மாஸ்க் போடாமல் அறைக்குள் வந்தார்.

இந்த வார்டில் சேர்ந்ததிலிருந்து அவள் அவருடைய கண்களை மட்டும்தான் பார்த்திருந்தாள். மீசை மேலுதட்டை மறைக்கிற அளவுக்கு வளர்ந்து கிடந்தது.

"நர்ஸ் ஒண்ணும் சொல்லலையா?"

"இனிமே வேணாமாம். சும்மாவே போய்ப் பாருங்கன்னுட்டாங்க."

எல்லாம் ஒரு வைரஸ் காய்ச்சலில் தொடங்கியது. வீட்டில் எல்லோருக்கும் வந்தது. எல்லோரும் எழுந்து நடமாடினார்கள்.

அவளுக்கு மட்டும் வாயில் புண். பிறகு முதுகெல்லாம் கொப்புளம். ரவிக்கையைக் கழற்றினால் தோலும் கூடவே உரிந்து வந்தது.

காய்ச்சலை விரட்டக் கிளம்பிய எதிர்ப்புச் சக்தி, வேலை முடிந்தும் அடங்காமல் அவள் தோலையே தாக்குகிறது என்றார் டாக்டர். வேலியே பயிரை மேய்ந்த கதை.

அழகு நிலையத்தில் ஊரார் முகத்தையெல்லாம் துடைத்துப் பளபளப்பாக்கியவள் அவள். ஒட்டிக்கொள்ளும் என்று வாடிக்கைக்காரர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

இது யாருக்கும் ஒட்டாது. அவளுக்குத்தான் எதுவும் ஒட்டிவிடக் கூடாது. வெறிபிடித்த அந்தச் சக்தியை அடக்கக் கொடுத்த மருந்தில் உடம்பு வெறுங்கையோடு நின்றது. யாரோ ஒருவர் தும்மினால் போதும், ஆளையே கொண்டுபோய்விடும். அதனால்தான் அத்தனை காவல்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். எதையும் தன் தொழிலில் கொண்டுபோய்த்தான் முடிப்பார்.

"நடுவுல நின்ன லிஃப்டு மாதிரிதான் நீ. இப்போ கிளம்பிடுச்சு பாரு."

சிரித்தால் உதடு வெடிக்கும். கண்ணால் சிரித்தாள்.

தொட்டால் வலிக்காத இடம் என்று அவளிடம் மிச்சமிருந்தது நகங்கள்தான். அவர் தன் விரலை அவளுடைய கட்டைவிரல் நகத்தின் மேல் மெதுவாக வைத்தார்.

காலையிலிருந்து ரத்தம் எடுக்க யாரும் வரவில்லை. மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்த மருந்துகளில் கடைசியையும் நிறுத்தியிருந்தார்கள். வலிக்கு மட்டும் ஓர் ஊசி.

அவளுக்குப் புரிந்துவிட்டது. இந்த மனுஷனுக்குப் புரியவில்லை. பாவம், இன்றைக்காவது சந்தோஷமாக இருக்கட்டும்.

"அடுத்த வாரம் வீட்டுக்கு வந்துடுவேங்க."

"பின்னே? வராம?" என்றார் அவர். எழுந்து போய்க் கதவைத் திறந்து, வெளியே பார்த்து, "வாடா கண்ணு" என்றார்.

பள்ளிச் சீருடையோடு உள்ளே வந்தாள் ஏழு வயது மகள். தோளில் பை, கையில் மூடாத பேனா.

அவர் கதவின் பக்கமே திரும்பி நின்றுகொண்டார்.

"பரீட்சை எழுதிட்டிருந்தேம்மா. பாதியிலயே அப்பா வந்து கூட்டிட்டு வந்துட்டாரு."