பத்தொன்பதாவது துண்டு

சுங்குவார்சத்திரத்தில் ஓர் அறையில் நானும் ஜாஸ்மினும் தங்கியிருக்கிறோம். ஒரே கம்பெனி, ஒரே அசெம்பிளி லைன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஆமைக்கு நகம் வெட்டினோம். பிளாஸ்டிக் பேசினில் வெதுவெதுப்பான நீர் ஊற்றி ஆமையைக் கால் மணி நேரம் ஊறவைத்து, பழைய டவலில் சுற்றி மடியில் பிடித்துக்கொண்டேன். ஜாஸ்மின் ஒவ்வொரு நகத்தின் பின்னாலும் செல்போன் டார்ச்சை அடித்து, உள்ளே சிவப்பு தெரிகிற இடத்துக்கு முன்பாகவே நுனியை நறுக்கினாள். ஒரு சொட்டு ரத்தம்கூட வரவில்லை.

வெட்டியதை எண்ணுவது லைன் பழக்கம். அங்கே வயர்களைக் கட்டும் கேபிள் டையின் வாலை நறுக்கியதும் எண்ணியாக வேண்டும். ஒன்று குறைந்தால், அது மெஷினுக்குள் விழுந்திருக்கிறது. ஒன்று கூடினால், கணக்கில் வராத இன்னொரு மெஷின் லைனில் நிற்கிறது.

ஆமைக்கு முன்கால்களில் ஐந்தைந்து, பின்கால்களில் நான்கு நான்கு. மொத்தம் பதினெட்டு. செய்தித்தாளில் பத்தொன்பது துண்டுகள் கிடந்தன.

"ஒண்ண ரெண்டு தடவ வெட்டிட்டியாட்டி?" என்றேன்.

"இன்னாப்பா நீ, ஒன்னுக்கு ஒரு வெட்டுதான்."

கால்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். அவள் சொன்னது சரி. மறுபடி எண்ணினோம். பத்தொன்பது.

ஆமை என் மடியில் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. மூலையில், நீர் இன்னும் கொட்டப்படாத பேசினுக்குள் எதுவோ பிளாஸ்டிக்கை மெதுவாகச் சுரண்டியது.

ஜாஸ்மின் நகவெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"இன்னும் பதினேழு கீது," என்றாள்.