தலைமாட்டுச் சூடு

“இவ்வளவு வேகம் கூட்டுனா கம்ப்யூட்டர் தாங்குமாங்க?” என்று ஜோவிதா கேட்டிருந்தாள். “நாள் முழுக்க ஓடவிட்டுப் பாத்தாத்தான் தெரியும்” என்றிருந்தான் கணவன் ஆரோக்கியஜோசப்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே படுக்கையறையில் இருந்த அது, இன்று காலையிலிருந்து அவள் தலைமாட்டில் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் சூடு 98.4 டிகிரியிலேயே நின்றது.

“கொதிக்குது, கை வச்சிடாதே” என்றான் அவன்.

காரைக்கால் ஆஸ்பத்திரியில் நர்ஸான அவள், காய்ச்சல் இல்லை என்று தினமும் சொல்லும் எண் அது. தொட்டாள். சுடவில்லை. கதகதப்பாக, பிசுபிசுவென்று வியர்த்திருந்தது. அதன் விசிறிக் காற்றில் பல் விளக்காத வாயின் வீச்சம்.

“சுடலியா? அப்ப தாங்கிடுச்சு” என்றவன், அந்த வியர்வையை வழித்துவிட்டு, அதே கையால் அவள் கன்னத்தைத் தடவினான்.

கல்யாணமான நாளிலிருந்து விழுங்கி வைத்திருந்ததை ஜோவிதா சொன்னாள்.

“இனிமே இந்த ரூம்ல நாம ரெண்டு பேரு மட்டும் படுத்துக்குவோங்க.”