வலது கால் தடம்

முகாமைத் தாண்டிவிட்டால் முன்னால் போகிறவன் மிதித்த இடத்தில்தான் அடுத்தவன் மிதிக்க வேண்டும். தஞ்சோங் ரம்புத்தானுக்கு அப்பால், ஆட்கள் விட்டுப்போன அந்த ரப்பர் தோட்டத்தில் கண்ணிவெடி எங்கே புதைந்திருக்கிறது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. போன மாதம் கூட ரோந்து வந்த சன்னாசியின் வலது கால் அங்கேதான் போனது. முழங்காலுக்குக் கீழே, பூட்ஸோடு. தேடியும் கிடைக்கவில்லை.

அன்று காலை ரோந்தில் முன்னால் போனவன் நான். மழை விட்டிருந்தது. ஓடையைக் கடந்ததும் சேற்றில் ஒரு பூட்ஸ் தடம் தெரிந்தது. எங்கள் பட்டாளத்துப் பூட்ஸ்தான், வலது கால். அடுத்ததும் வலது. அதற்கடுத்ததும். இடது கால் எங்குமே பதியவில்லை. தடங்களுக்குள் அப்போதுதான் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.

பின்னாலிருந்த கோப்ரல் இராஜசிங்கமும் பார்த்துவிட்டார். குனிந்து ஒரு தடத்தை விரலால் தொட்டார். பிறகு, "அதுலயே மிதிச்சு நட லா," என்றார்.

மிதித்து நடந்தேன். ஒரு மரத்தருகே தடம் விலகிச் சுற்றிப் போனது. விலகிய இடத்தில் சருகுக்கடியில் கம்பி மினுங்கியது. தார்ச்சாலை வந்ததும் தடம் நின்றுவிட்டது.

சாயங்காலம் ஈப்போ ஆஸ்பத்திரியில் சன்னாசியைப் போய்ப் பார்த்தேன். காலையில் நடந்ததை அவனிடம் சொல்லவில்லை.

"கால் வலிக்குது மச்சான். இன்னைக்கு ரொம்ப நடந்துட்டேன்," என்றான். "பூட்ஸ் வேற நனைஞ்சிருச்சு. கழட்டி விடேன்."

போர்வை அந்த இடத்தில் தட்டையாகக் கிடந்தது. அவன் மனம் நோகக் கூடாதென்று உள்ளே கை விட்டேன்.

பூட்ஸ் கயிற்றின் முடிச்சு ஈரத்தில் இறுகியிருந்தது.