சரோங்கின் கரை

சவப்பெட்டி காலை பத்தேகால் மணிக்கு வந்தது.

ஐந்து மாதத்துக்கு முன் புவாலி தன் மகன் கெங்கை எல்லைக்கு அனுப்பியது ஒன்பது மணி ஒன்பது நிமிடத்துக்கு. ராசியான எண் என்று வாசலிலேயே நிறுத்தி வைத்து, கடிகாரத்தைப் பார்த்துத்தான் படியிறங்க விட்டாள்.

விகாரை மண்டபத்தில் பெட்டியை இறக்கினார்கள். கூட வந்த சிப்பாய் கம்போன், கெங்கின் பிரிவில் இருப்பவன். ஒரு பிளாஸ்டிக் பையை இரண்டு கையாலும் புவாலியிடம் நீட்டினான்.

கைக்கடிகாரம். கைபேசி. கழுத்தில் கிடந்த மூன்று சிறு புத்தர்கள். நான்காக மடித்த ஒரு துணித் துண்டு.

அதை மட்டும் வெளியே எடுத்தாள். அவளுடைய ஊதா சரோங்கின் கரை. மடிப்பின் நடுவில் ஓர் ஓட்டை.

"நாங்க ஏழு பேருமே நெஞ்சுப் பையிலதாம்மா வெச்சிருந்தோம், எங்கம்மா சரோங்கு இந்தா இருக்கு. ஆறு பேருக்குக் கீறல்கூட இல்ல."

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

அந்தக் கரையை வெட்டிக் கொடுத்த அன்று கெங் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

"புதுசக் குடுத்து ஏமாத்தாதம்மா. பழசா, நாறுனதா பாத்துக் குடு. குண்டு மூக்கப் பிடிச்சுக்கிட்டுத் திரும்பி ஓடணும்."

பெற்றவள் உடுத்திய துணிக்குத்தான் காவல் உண்டு. ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

அன்று புவாலி கைபேசியை இரண்டு முறை எடுத்தாள். இரண்டு முறையும் கீழே வைத்தாள்.

"ஒரு பழைய துணிக்கு இவ்வளவு யோசனையா?" என்றான் கெங்.

கத்தரிக்கோலை எடுத்து வெட்டினாள்.

மண்டபத்தின் கடைசியில் அவள் தங்கை லம்துவன் நின்றிருந்தாள். ரயோங்கிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவள். வருடத்துக்கு ஒருமுறை, சொங்க்ரான் புத்தாண்டுக்கு வருவாள். கெங்குக்குச் சட்டை கொண்டுவருவாள். அளவு கேட்டதே இல்லை. எப்போதும் சரியாக இருக்கும்.

அவன் எல்லைக்குப் போன செய்தியே அவளுக்குச் சாவுச் செய்தியோடுதான் போயிற்று.

லம்துவன் பெட்டிக்குப் போகவில்லை. நேராக அக்காவிடம் வந்தாள். கையிலிருந்த துண்டை வாங்கினாள். விரித்தாள். ஓட்டை நான்காயிற்று.

ஊதாவை வெகுநேரம் பார்த்தாள்.

பிக்குகள் ஓதத் தொடங்கினார்கள். அவள் குரலை உயர்த்தவில்லை.

"ஒரு போன் பண்ணி என்னோடதக் கேட்டிருக்கலாமேக்கா. பெத்தவ நான் உசுரோடதானே இருந்தேன்?"