டாக்டரின் ஜெபம்

"ஆண்டவரே, இந்தச் சகோதரரைப் பத்திரமா வீடு கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். இவர் பிள்ளைகளுக்கு நீரே துணையா இரும்!"

உள்ளேயிருந்து வந்த குரல் தழுதழுத்தது. வெளியே காத்திருந்த இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சத்தமில்லாமல் எழுந்து நடையைக் கட்டினார்கள்.

உள்ளே நடக்கவிருந்தது வெறும் பல் சுத்தம் செய்கிற வேலை. அதுவும் நடக்கவில்லை. கழுத்தில் கட்டிய துண்டோடு சகோதரர் ஓடியே போய்விட்டார்.

"இந்த வாரத்துல இது நாலாவது துண்டு டாக்டர்" என்றாள் நர்ஸ்.

பல் டாக்டர் கொஞ்ச நாளாகவே இப்படித்தான். வெளியூரிலிருந்து வந்த போதகர் ஒருவர், "வேலை செய்யுற இடத்துல ஜெபிக்க வெட்கப்படாதீங்க, வாயைத் திறந்து சத்தமா ஜெபிங்க!" என்று சபையில் முழங்கிவிட்டுப் போயிருந்தார். டாக்டருக்கு அன்று தூணுக்குப் பின்னால்தான் இடம் கிடைத்தது. முகம் தெரியவில்லை. குரல் மட்டும் நேராக நெஞ்சுக்குள் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

"மனசுக்குள்ள வேண்டிக்கிட்டா கடவுளுக்குக் கேக்காதா டாக்டர்?"

"கேக்கும்மா. ஆனா நான் வெட்கப்பட்ட மாதிரி ஆயிடுமே."

"இப்படியே போனா உங்க பல்லை நானும் என் பல்லை நீங்களும் பிடுங்கிக்க வேண்டியதுதான். அடுத்து வர்றவரும் ஓடினா, இனிமே ஜெபம் மனசுக்குள்ள மட்டும்தான். சம்மதமா?"

டாக்டர் கூரையைப் பார்த்தார். மேலிடத்து அனுமதி கிடைத்தது போலும், தலையாட்டினார்.

அடுத்து வந்தவருக்கு ஒரு பக்கக் கன்னம் பந்தை ஒளித்துவைத்த மாதிரி வீங்கியிருந்தது. கைக்குட்டையால் தாங்கிப் பிடித்திருந்தார். பாதி வார்த்தை வெளியே வந்தது. மீதி வீக்கத்துக்குள்ளேயே தங்கிவிட்டது.

"பேசிப் பொழைக்கிறவன்மா. ரெண்டு நாள்ல வாய் சரியாகணும்."

வக்கீலாக இருக்கும் என்று நர்ஸ் முடிவு கட்டினாள். "உள்ளே என்ன நடந்தாலும் எந்திரிச்சு ஓடிட மாட்டீங்களே சார்?"

"சேச்சே, நான் எதுக்கும்மா ஓடறேன்?"

நாற்காலியில் சாய்த்து, துண்டு கட்டி, வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தார் டாக்டர். கடைவாய்ப் பல். பிடுங்கியே ஆகவேண்டும். கையில் ஊசியை எடுத்தார்.

"ஒரு ஜெபம் பண்ணிட்டு ஆரம்பிக்கலாமா?"

வந்தவரின் முகம் மலர்ந்தது. உடனே கைகளைக் கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். அப்பாடா, இவர் ஓட மாட்டார் என்று நர்ஸுக்கு உயிர் வந்தது.

"ஆண்டவரே, என் கையில ஒண்ணுமே இல்ல. இந்தப் பல்லோட வேர் எங்க போகுதுன்னு எனக்குத் தெரியல, உமக்குத்தான் தெரியும்."

வந்தவரின் ஒரு கண் திறந்தது.

"பக்கத்துலயே நரம்பு வேற போகுது. என் கை வழுக்கினா நீர்தான் பிடிச்சுக்கணும். ரத்தம் நிக்கலைன்னா நீர்தான் நிறுத்தணும்."

இரண்டாவது கண்ணும் திறந்தது. கூப்பிய கைகள் பிரிந்து நாற்காலியின் கைப்பிடிகளை இறுகப் பற்றின.

"ஒருவேளை உம்முடைய சித்தம் வேற மாதிரி இருந்துச்சுன்னா, அதைத் தாங்குற பெலனை இவர் வீட்டுக்காரம்மாவுக்கு..."

"ஆமென்!" என்று அலறியபடி வந்தவர் குதித்து இறங்கினார். செருப்பில் ஒரு கால், தரையில் ஒரு கால், கழுத்தில் துண்டு. வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தார்.

"அஞ்சாவது" என்றாள் நர்ஸ்.

டாக்டர் ஊசியைக் கீழே வைத்துப் பெருமூச்சு விட்டார். "பாவம், விசுவாசம் பத்தல. அன்னைக்கு அந்தப் பிரசங்கத்தைக் கேட்டிருந்தார்னா இப்படி ஓடியிருக்க மாட்டார்."

வாசலைத் தாண்டிய தலை திரும்பி உள்ளே எட்டிப் பார்த்தது.

"அதைப் பண்ணினவனே நான்தான் டாக்டர்!"