வாடகை மீன்

கூடுதுறையில் தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. எங்கிருந்தோ வந்த மட்டிச் சிப்பி ஆற்றடியெங்கும் அப்பிக்கொண்டு, மீன்களின் இரையையெல்லாம் உறிஞ்சித் தீர்த்திருந்தது; ஆற்றில் மீனே இல்லை.

பூங்கோதை கணவனுக்குக் கரைத்த பிண்டம் தின்ன மீனில்லாமல் அடியில் வெள்ளையாகக் கிடந்தது. ஐயர் வாளியிலிருந்து நூல் கட்டிய கெண்டையை எடுத்து விட்டார். அது இரண்டு வாய் தின்றது.

"ஏத்துண்டுட்டார்மா," என்று நூலை இழுத்தார்.

ஆயுசு முழுக்க இந்த ஆற்றில் வலை வீசியவன் அவள் புருஷன்.

"அவுத்து விட்டுருங்க சாமி. அவரு பேரச் சொல்லி இதொண்ணாச்சும் ஆத்துல இருக்கட்டுமுங்க."

"விட்டா பட்டினியில செத்துடும்மா. இங்க திங்க என்ன இருக்கு?"

"நாந் தெனமும் வந்து சோறு போடறனுங்க."

அடுத்த படியில் வேறொரு குடும்பம் பிண்டத்தோடு காத்திருந்தது. ஐயர் மீனை வாளியில் போட்டுக்கொண்டு அங்கே நகர்ந்தார்.